பிள்ளைகள்: இரண்டு

கிளைவின் சட்டைகளை மடிக்கக்கூட மனமில்லாமல் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள் லோர்னா. கடலில் இரண்டு வாரக் காற்றாலை வேலை முடிந்து அவன் கிரிம்ஸ்பி திரும்ப இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. வந்த காலோடு அவன் திரும்பிப் போக வேண்டும்.

சந்தேகம் இன்று நேற்று வந்ததல்ல. நாலு மாதமாகவே பழுப்பு உறை எது வந்தாலும் கிளைவ் முந்திக்கொண்டு எடுத்து, சட்டைக்குள் செருகிக்கொள்வான். என்னது என்று கேட்டால் "வரி" என்பான். வரிக் கடிதத்தைப் பார்த்து எந்த மனிதனுக்காவது காது சிவக்குமா? கிளைவுக்குச் சிவந்தது.

இன்று காலை ஒழுகும் குழாய்க்கு ஸ்பேனர் தேடி, அவனுடைய தூண்டில் பெட்டியைத் திறந்தாள். அடியில் வருமான வரிக் கணக்கின் நகல் கிடந்தது. குறைவாகக் கட்டிய வரியோடு, பிள்ளைகளுக்கான அரசாங்க உதவித்தொகையையும் இரண்டு வருடத்துக்குத் திருப்பிக் கட்டுவதாக அவன் கைப்படவே நிரப்பியிருந்தான். அதற்குக் கீழே ஒரு கட்டம். பிள்ளைகள் எத்தனை பேர்? இரண்டு.

லோர்னா அந்தக் கட்டத்தை இரண்டு தடவை படித்தாள். தனக்குப் பிள்ளை குட்டி கிடையாது என்று சொன்னவன் அவன்.

அவளுக்கும் பிள்ளைகள் உண்டுதான், பத்து வயது ஹாட்டியும் ஏழு வயது ஜோஸும். அவர்களுக்கான உதவித்தொகை தவறாமல் அவள் கணக்குக்கு வந்துவிடுகிறது. அதற்கும் கிளைவுக்கும் என்ன சம்பந்தம்? மூன்று வருடத்துக்கு முன்னால் பின்னறைக்கு வாடகைக்கு வந்தவன் அவன். அந்தப் பின்னறைக் கட்டிலில் இரண்டு வருடமாகத் தூண்டில் கழிகள்தான் தூங்குகின்றன என்பது வேறு விஷயம். ஊருக்கு அவன் இன்னும் வாடகைக்காரன்தான், அவளே அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள். அவனும் வாடகையைக் குளிர்பெட்டி மேல் வைப்பானே தவிர, அன்பாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

படிவத்தில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டாள். அடுத்தவர் கணக்கைப் பற்றிப் பேச முடியாது, பொதுவான விதியை வேண்டுமானால் சொல்கிறேன் என்றாள் மறுமுனையில் இருந்த பெண். பிள்ளைகள் உள்ள வீட்டில் கல்யாணம் ஆகாவிட்டாலும் ஜோடியாக வாழ்கிறவர்களில் யாருக்கு வருமானம் அதிகமோ, அது ஒரு அளவைத் தாண்டினால், அவர்தான் அந்தத் தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டுமாம்.

ஆக, எங்கோ ஒரு வீடு இருக்கிறது. அதில் ஒருத்தியும் இருக்கிறாள்.

முதல் புருஷனும் இப்படித்தான் லீட்ஸில் இன்னொரு குடித்தனம் நடத்தினான். தன்னைப் பற்றிக்கூட அவளுக்குக் கவலையில்லை. கிளைவ் வரும் தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்துக் காத்திருக்கிறானே ஜோஸ், அவனிடம் என்ன சொல்வது என்று நினைத்தபோதுதான் அழுகை வந்தது.

கதவு திறந்தது. கிளைவ் கையில் மீனும் சிப்ஸும், சுடச்சுட நாலு பொட்டலம். வாசலிலேயே பை இருப்பதைப் பார்த்து நின்றுவிட்டான்.

லோர்னா படிவத்தை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "எத்தனை நாளா நடக்குது இது?"

"ரெண்டு வருஷமா," என்றான். காது சிவந்துவிட்டது. "உன்கிட்ட முதல்ல சொல்லியிருக்கணும். எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல."

"அங்கேயே போய் இருந்துக்கோ. என் பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வர்றதுக்குள்ள கிளம்பு."

அவன் பொட்டலங்களை மெதுவாக மேஜையில் வைத்தான். படகில் கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் அவனை முட்டாள் என்று சிரித்தார்களாம். தனி ஆள் என்று ஒரு வரி எழுதிப் போட்டால் ஒரு காசு கட்ட வேண்டாம், யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்றார்களாம். அவனும் இரண்டு தடவை அப்படி எழுதிப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டானாம். மனசு கேட்கவில்லையாம்.

லோர்னாவுக்கு அதில் பாதி காதிலேயே விழவில்லை. யாரோ ஒருத்திக்காக இவ்வளவு உருகுகிறான் என்பது மட்டும் புரிந்தது.

"போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போ," என்றாள். "அந்த ரெண்டு பிள்ளைங்க பேரு என்ன?"

கிளைவ் அவளை விநோதமாகப் பார்த்தான்.

"ஹாட்டி, ஜோஸ்."