படியாத விலை

"தொட்டிலை இந்த ஜன்னலுக்குக் கீழ போட்டுடலாம்," என்றாள் தமிக்கா.

கேக் வெட்டிக்கொண்டிருந்த ஹோலிஸ் நிமிர்ந்து பார்த்தார்.

தமிக்காவும் அவள் கணவன் கார்லிஸும் இந்த வீட்டைப் பார்க்க வருவது இது எத்தனையாவது ஞாயிறோ, அவருக்கே நினைவில்லை. கோடையில் வந்தபோது அவள் வயிறு தெரியவில்லை. இன்று தெரிந்தது.

சாலையோரத்தில் 'வீடு விற்பனைக்கு' என்று ஹோலிஸ் பலகை நட்டு இரண்டு வருஷம் ஆகிறது. மனைவி ஒலீட்டா இறந்த குளிர்காலம் முடிந்ததும் நட்டது. அதற்குமுன் அந்த வீட்டுக்குள் கடைசியாகக் கால் வைத்தவர்கள் அவள் சவப்பெட்டியைத் தூக்க வந்தவர்கள்தான்.

பலகை வைத்ததும் ஆட்கள் வந்தார்கள். ஞாயிறு தேவாலய ஆராதனை முடிந்த கையோடு, நல்ல உடுப்பைக்கூட மாற்றாமல் வந்தார்கள்.

ஹோலிஸ் ஒவ்வோர் அறையாகக் காட்டுவார். எந்தக் கதவு மழைக்காலத்தில் மக்கர் பண்ணும், எந்த அலமாரிக்காக ஒலீட்டா அவரோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தாள் என்பது வரை சொல்வார். திங்கள் முதல் சனி வரை அவர் வாய் திறப்பது நாயைத் திட்டத்தான். அத்தனை நாள் பேச்சையும் ஞாயிற்றுக்கிழமை கொட்டித் தீர்ப்பார்.

பிறகு கேக்கும் இனிப்புத் தேநீரும். கடைசியில்தான் விலை.

எண்பத்தைந்தாயிரம் டாலர்.

நகரத்துக்காரன் கேட்டால் சிரிப்பான். ஆனால் நகரத்துக்காரன் எவனும் இந்தச் செம்மண் சாலைக்கு வரப்போவதில்லை.

அலபாமா முழுக்கத் தேடினாலும் இந்த மாவட்டம்போல மலிவாக வீடு கிடைக்காது என்று டிவியில் ஒருமுறை சொன்னார்கள். யாருக்கு மலிவு என்று சொல்லவில்லை.

கோழிக்கறி ஆலையில் என்ன கூலி, சிறைக் காவலுக்கு என்ன சம்பளம், பள்ளிக்கூடச் சமையலறையில் என்ன தருகிறார்கள் எல்லாம் ஹோலிஸுக்கு அத்துப்படி. அத்தனை பேர் கைக்கும் எட்டாத உயரத்தில் பார்த்துத்தான் அவர் விலையை வைத்திருந்தார்.

வீடு விற்றுப்போனால் ஞாயிற்றுக்கிழமை யார் வருவார்கள்?

விலையைக் கேட்டதும் வந்தவர்கள் "யோசிச்சுச் சொல்றோம்" என்று எழுந்துவிடுவார்கள். பெரும்பாலும் ஒரு தரத்தோடு சரி. இந்தப் பிள்ளைகள் இருவர் மட்டும்தான் திரும்பத் திரும்ப வந்தார்கள். முன்னறை சோபாவில் தோளோடு தோள் ஒட்டி, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஹோலிஸும் தேநீர் கொண்டுவர வேண்டுமென்றே தாமதிப்பார்.

இன்று அந்த வயிற்றைப் பார்த்ததும் அவருக்கு வெட்கமாகிவிட்டது. ஒரு குழந்தை வளர வேண்டிய வீட்டை வைத்துக்கொண்டு இந்தப் பிள்ளைகளுக்கு ஆட்டம் காட்டுகிறோமே என்று மனசு குத்தியது.

தன் ஞாயிற்றுக்கிழமைகள் போனால் போகட்டும் என்று முடிவுசெய்தார். கார்லிஸிடம் கேக் தட்டை நீட்டினார். அவன் ஒரு வாய் தின்றதும் சொல்லிவிட்டார்.

"நாப்பதாயிரம் குடு தம்பி. போதும்."

துள்ளிக் குதிப்பார்கள் என்று நினைத்தார்.

கார்லிஸ் தட்டைக் கீழே வைத்தான். கேக் பாதிகூடக் காலியாகவில்லை. தமிக்கா ஜன்னலை விட்டு வந்து கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"ஏம்மா, பாதி விலைக்கும் கம்மியா சொல்றேன்..."

"நியாயமான விலைதாங்க, மிஸ்டர் ஹோலிஸ்," என்றான் கார்லிஸ், தரையைப் பார்த்தபடி. "ரொம்ப நியாயமான விலை. நாங்க கிளம்புறோம்."

அவர்கள் வாசலைத் தாண்டிய பிறகுதான் ஹோலிஸுக்கு உறைத்தது.

எண்பத்தைந்தாயிரம் என்றால், கிழவன் கொள்ளை விலை சொல்கிறான் என்று பழியை அவர் தலையில் போட்டுவிட்டுக் கௌரவமாகப் போய்விடலாம். நாற்பதாயிரம் என்றால் அப்படிப் போக முடியாது. அதுவும் எங்களிடம் இல்லை, முதல் நாளிலிருந்தே இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

கார்லிஸின் அம்மா, தம்பிகள், சித்தி பிள்ளைகள் என்று அத்தனை பேரும் ஒரே டிரெய்லரில், சக்கரம் வைத்த தகர வீட்டுக்குள் அடைந்து கிடப்பது ஊருக்கே தெரியும். இவர்கள் வீடு வாங்க வரவே இல்லை. வாரத்தில் ஒரு மணி நேரம், இரண்டு பேராக மட்டும் ஒரு வீட்டில் இருக்க வந்தார்கள்.

சும்மா வந்து இருங்கள் என்று சொல்லிப் பார்க்கலாம். சொன்னால் அந்தப் பையன் இந்தச் சாலைப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டான்.

வெளியே பிக்கப் வண்டி உறுமியது. ஹோலிஸ் படியிறங்கி ஓடினார். முழங்கால் விட்ட மட்டும் ஓடினார். வண்டி நகரத் தொடங்கும்போது போய்க் கண்ணாடியைத் தட்டினார்.

கார்லிஸ் மெல்லக் கண்ணாடியை இறக்கினான். அவன் கண்கள் சிவந்திருந்தன.

"தம்பி, வாய் தவறிச் சொல்லிட்டேன்," என்றார் ஹோலிஸ், மூச்சு வாங்க. "நாப்பதெல்லாம் இல்ல. தொண்ணூறாயிரம். ஒரு டாலர்கூடக் குறைக்க மாட்டேன்."

கார்லிஸ் அவரையே பார்த்தான். தமிக்கா அவன் முழங்கையைத் தொட்டாள்.

"இது ரொம்ப அநியாயம், மிஸ்டர் ஹோலிஸ்," என்றான் கடைசியில். "அடுத்த ஞாயிறு வர்றோம். உக்காந்து பேசுவோம்."