மறதிக்காரிக்கு ஒரு சமையலறை

"எல்லா அலமாரிக்கும் கண்ணாடிக் கதவு போட்டுடுங்க. உள்ளே என்ன இருக்குன்னு நின்ன இடத்துலேர்ந்தே தெரியணும்" என்றாள் அவள்.

சமையலறை டிசைனர் வரைபடத்தில் குறித்துக்கொண்டார். "அப்புறம், அம்மா?"

"ஒவ்வொண்ணு மேலயும் பேர் எழுதி ஒட்டணும். உப்பு, சர்க்கரை, டம்ளர்னு. பெரிய எழுத்துல."

அவளுக்கு நாற்பது வயது இருக்கலாம். பார்வையில் குறை இருப்பதாகவும் தெரியவில்லை. டம்ளருக்குப் பெயர்ப்பலகை கேட்ட முதல் வாடிக்கையாளர் இவள்தான்.

அடுப்பும் சாதாரண அடுப்பு கூடாதாம். பாத்திரம் காய்ந்தால் தானே அணைய வேண்டுமாம். கேஸை மூடும் திருகு சமையலறையிலேயே வேண்டாமாம். ஹாலில், அவள் தலை உயரத்தில் இருந்தால் போதுமாம்.

சோபாவிலிருந்த கணவர் சிரித்தார். "புருஷன்னு எழுதி என் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டிடு. அதையும் மறந்துடப் போறே."

பிறகு டிசைனரிடம் முறையிட்டார். இருபது வருடமாக ஒழுங்காகச் சமைத்தவள்தான். இந்த நாலைந்து மாதமாக அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு மறந்துவிடுகிறாள். மூன்று பாத்திரம் கரியாகிவிட்டன. கடைசி முறை ஜன்னல் திரையே பற்றிக்கொண்டது.

"மறந்துடறேங்க" என்றாள் அவள், வரைபடத்தைப் பார்த்தபடி.

மூலை நாற்காலியில் இருந்த மாமியார் விடவில்லை. "அவ எப்பவுமே பராக்குப் பாக்கறவ. வந்த புதுசுலயே சொன்னேன். யாரு கேட்டா?"



டிசைனர் கொஞ்சம் கறார்ப் பேர்வழி. அளவில் அரை அங்குலம் கூடக் கூட்டிச் சொல்ல மாட்டார், குறைத்தும் சொல்ல மாட்டார். எந்த வீட்டிலும் சமைக்கிறவர்தான் அவருக்கு 'அம்மா'. அவருக்கு மூத்தவர் யாராக இருந்தாலும் 'பெரியம்மா'. பாத்திரம் வைக்கிற திண்டுக்கு 'மேடை' என்று பெயர் வைத்தவன் குறும்புக்காரன் என்பதும் அவர் கருத்து. காலமெல்லாம் அதன் முன்னால் நிற்பவர்களை யாரும் ஒரு வார்த்தை பேசச் சொன்னதில்லையே.

ஆனாலும் இவள் மேல் அவருக்கு இரக்கம் வரவில்லை. நெருப்போடு அலட்சியம் காட்டுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது.

"எந்த டிசைனும் ஓரளவுக்குத்தான், அம்மா. அடுப்பு மேல கண்ணு நமக்கு இருக்கணும்" என்று சொல்லியும் விட்டார்.

"இருக்கணும்தாங்க. வேலை எப்ப முடியும்?"

"ரெண்டு மாசம் ஆகும்."

அவள் முகம் வெளுத்தது. "அவ்வளவு நாளா? அடுப்பை மட்டுமாவது முதல்ல மாத்த முடியாதா?"

மேடை உடையாமல் அடுப்பு மாறாது என்று அவர் விளக்கினார். அவள் விரல்விட்டு வாரங்களை எண்ணினாள்.

கணவருக்கு அதுவும் வேடிக்கையாகத்தான் இருந்தது. "எங்க சித்திக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது, சார். அடுப்பைப் பத்த வெச்சுட்டு மறந்துடுவாங்க. அவங்க பையன் யோசிக்கவே இல்ல. மறுநாளே முதியோர் இல்லத்துல கொண்டுபோய் விட்டுட்டான். அதான் சரி. வீட்டையே கொளுத்திக்க முடியுமா? நானா இருந்தாலும் அதைத்தான் செய்வேன். ஆனா இவளை எந்த இல்லத்துல சேர்ப்பாங்க?"

அவள் அவசரமாகப் பேச்சை இழுப்பறைக் கைப்பிடியின் நிறத்துக்கு மாற்றினாள்.

கணவருக்கு போன் வந்தது. எழுந்து பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். டிசைனர் கைப்பிடி மாதிரிகளை மேசையில் பரப்பினார். கறுப்பா, சாம்பலா என்று அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். பத்து நிமிடம் போயிருக்கும்.

சட்டென்று தலையை நிமிர்த்தினாள். மூலை நாற்காலி காலியாக இருந்தது.

கருகல் வாடை அதற்குப் பிறகுதான் டிசைனர் மூக்குக்கு எட்டியது. அவள் அதற்குள் ஓடிவிட்டாள். அவரும் பின்னால் ஓடினார்.

அடுப்பில் ஒரு காலிப் பாத்திரம் சிவக்கக் காய்ந்துகொண்டிருந்தது. கைப்பிடித் துணியின் நுனி எரிந்துகொண்டிருந்தது. மாமியார் கையில் காலி டம்ளரோடு அதைப் பார்த்தபடி நின்றாள். முகத்தில் ஒன்றுமே இல்லை.

"வெந்நீர் வெச்சேன். இது யாரோட வீடு?" என்று கேட்டாள்.

"நம்ம வீடுதான், அத்தை." மருமகள் அடுப்பை அணைத்தாள். எரிகிற துணியை வெறுங்கையால் இழுத்துத் தொட்டியில் போட்டாள். மாமியார் கையிலிருந்த டம்ளரை மெதுவாக வாங்கி வைத்துவிட்டு, அவளை ஜன்னல் பக்கமாகத் தள்ளி நிறுத்தினாள். அடுப்பின் எதிரே தான் வந்து நின்றுகொண்டாள். எல்லாம் பழகிய கை.

பால்கனிக் கதவு திறந்தது.

"நான்தாங்க, மறந்துட்டேன்" என்றாள் அவள், கணவர் சமையலறை வாசலுக்கு வருமுன்பே.

அவர் மனைவியைப் பார்த்தார். தாயைப் பார்த்தார். முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"சார், நீங்க சொல்லுங்க. அடுப்பைப் பத்த வெச்சது யாரு?"

அவள் டிசைனரைப் பார்க்கவில்லை. கொப்புளம் கண்ட விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டிருந்தாள்.

அரை அங்குலம் கூடப் பொய் சொல்லாதவர் தொண்டையைச் செருமினார். "அம்மாதான், சார்."

கணவர் மூச்சு விட்டார். "அதானே. ஒரு நிமிஷம் நான் வேற என்னவோ நினைச்சுட்டேன்." பிறகு மனைவி பக்கம் திரும்பி ஆரம்பித்தார். கண் எங்கே, புத்தி எங்கே, உன்னை நம்பி ஒரு வீடு எப்படி ஓடும். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

ஜன்னலோரத்திலிருந்து மாமியார் வந்து மருமகளின் தோளைத் தொட்டாள்.

"போதும்டா, அவளை வையாதே" என்றாள் மகனிடம். "நாளைக்கு எனக்கே மறதி வந்தா, என்னையும் இப்படித்தான் வைவியா?"