காற்றாய்ப் பறந்த சைக்கிள்

கல்கத்தாவில் மோட்டார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த காலம். அவற்றில் ஒன்றுதான் குமாஸ்தா பஞ்சாபகேசனின் சைக்கிளில் மோதியது. ஓட்டி வந்தவர் ராஜாராமன், பஞ்சாபகேசனின் ஆபீசிலேயே பெரிய அதிகாரி.

காளிகாட் சைக்கிள் கடையில் வளைந்த சக்கரத்தைப் போட்டுவிட்டு, பஞ்சாபகேசன் நிமிர்ந்து நின்றார்.

"ரிப்பேர் பண்ணித் தரவேண்டியது நீங்கதான் சார்."

"ஓய், தலைதெறிக்க வந்து விழுந்தது நீர். தப்பு உம்மேலேதான்னு போலீஸ்லே சொல்லுவா. இருந்தாலும் போனாப் போறது, புது சைக்கிளே வாங்கித் தரேன்."

"புதுசு வேண்டாம். இதைச் சரிபண்ணிக் கொடுங்கோ."

"அதிகாரிங்கற பயம் இல்லையா?"

"ஆபீசிலே உண்டு. ரோட்டிலே இல்லே."

ராஜாராமன் சிரித்தார். "காளிகாட்லேர்ந்து ஆபீசுக்குக் கால்மணியிலே காத்தாப் பறந்து வரேன்னு நீர் யார்கிட்டேதான் பீத்திக்கலே? ஆபீசே எனக்குச் சாட்சி."

பஞ்சாபகேசனுக்குக் காதுவரை சிவந்தது. சைக்கிள் சீட்டைச் சுட்டிக் காட்டினார். கம்பெனியில் சுற்றிய மெழுகுக் காகிதம் கசங்காமல் அப்படியே இருந்தது.

"வாங்கி ஒரு வருஷமாச்சு. இன்னும் ஏறினதில்லை சார். எனக்கு ஓட்டத் தெரியாது. விடியறதுக்கு முன்னாடி கிளம்பித் தள்ளிண்டேதான் வரேன். இன்னிக்கும் ஓரமா தள்ளிண்டுதான் வந்தேன். போலீஸ்லே இதையும் சொல்றேன்."

ராஜாராமன் கடைக்காரரிடம் திரும்பி, ரிப்பேருக்குப் பணத்தை எடுத்துக் கொடுத்தார்.

சக்கரம் நிமிர்ந்ததும், "இனிமேலாவது ஏறிக் கத்துக்கும்" என்றார்.

"எனக்கென்ன அவசரம்?"

பஞ்சாபகேசன் மணியை அடித்துக்கொண்டே நடுரோட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். மோட்டார் அவர் பின்னாலேயே ஊர்ந்து வந்தது.