தலைமையுரைக்கு அடியில் ஒரு கொழுக்கி

“இறுதியாக…” என்று அதிபர் சோமசேகரம் ஒலிவாங்கியில் சொன்னதும், மேடை மேசைக்கு அடியில் குந்தியிருந்த தியாகலிங்கம் மாஸ்ரர் பதறிப்போனார்.

அதிபரின் பேச்சு முடியப்போகிறதே என்று ஒருவர் கலங்கியது அந்தப் பாடசாலையின் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை.

மாஸ்ரரின் இடது கையில் தீப்பெட்டியிலும் சற்றுப் பெரிய ஒரு ரயில்பெட்டி. வலது கையில் தென்னை ஈர்க்கு. ஈர்க்கு நுனியில், சீரகத்தில் பாதி வராத ஒரு சுருள்கம்பி.

அந்தக் கம்பி, பெட்டியை எஞ்சினோடு மாட்டுகிற கொழுக்கிக்குள் போய் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் எஞ்சினுக்குப் பின்னால் ஆறு பெட்டிகளும் போகும். உட்காராவிட்டால் எஞ்சின் மட்டும் தனியே கொழும்புக்குப் போகும்.

விளையாட்டு ரயில், லண்டனிலிருந்து மாஸ்ரரின் மைத்துனர் அனுப்பியது. தண்டவாளம் மேசைக்கு மேலே, வெள்ளைத் துணியில், பற்றரியோடு தயாராக இருந்தது. தண்டவாளமே எட்டிப் பார்க்காத வடமராட்சிக்கு முதன்முதலாக ரயில் வருகிறதென்று ஊரே பாடசாலையின் ஓலைக் கொட்டிலுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது.

கொழும்பிலிருந்து கல்விப் பகுதியின் தலைவர், வித்தியாதிபதியும் வந்திருந்தார். அவர் ஆளியை அழுத்தி, ரயிலை ஓடவிட்டு, மனம் குளிர்ந்து, ஒரு விஞ்ஞான ஆய்வுகூடத்துக்குச் சிபாரிசு செய்ய வேண்டும். இதற்காகத்தான் மாஸ்ரர் ஒரு வருடமாக இந்தக் கண்காட்சிக்கு ஓடித்திரிந்தார். ஆய்வுகூடம் என்ற பெயரில் அப்போது அங்கே இருந்தவை, கறையான் அரித்த ஓர் அலுமாரியும் போத்தலில் ஊறிய ஓர் ஓணானும்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அதிபர் எஞ்சினுக்கும் பெட்டிகளுக்கும் தம் திருக்கையால் சந்தனப் பொட்டு வைக்கும்வரை. முதற்பெட்டியின் கொழுக்கி அவருடைய பெருவிரலுக்குக் கீழே மளுக்கென்றது; உள்ளே சுருள்கம்பி முறிந்துபோயிற்று. அவர் கவனிக்கவில்லை. பெரிய விஷயங்களை மட்டும் கவனிப்பவர்.

மேசைத்துணி விலகியது. மாலைத் தட்டத்தோடு தையல் ரீச்சர் சின்னத்தங்கம் குனிந்தார்.

“மாஸ்ரர், கெதியாப் பாருங்கோ. மனுசன் முடிக்கப்போறார்!”

“விசர்க்கதை கதையாதையுங்கோ ரீச்சர். உவர் எப்ப முடிச்சவர்?”

“இண்டைக்கு முடிப்பார். கொழும்புப் பெரியவருக்குக் கொடிகாமத்திலை ரயில் பிடிக்கவேணுமாம். சுருக்கச் சொல்லிக் காதிலை போட்டாச்சு.”

மாஸ்ரர் அவசரமாக ஈர்க்கை உள்ளே குத்தினார். சுருள்கம்பி பாய்ந்து எங்கேயோ போயே போய்விட்டது.

பெட்டியோடு வந்த பொட்டலத்தில் கடைசியாக ஒன்று மிச்சம். மாஸ்ரர் ஈர்க்கைத் தன் தலைமயிரில் ஒருதரம் தேய்த்தார். நல்லெண்ணெய் பட்டதும் கம்பி அட்டைபோல ஒட்டிக்கொண்டது.

“…இத்துடன் எனது சிற்றுரையை…” என்றார் அதிபர்.

மாஸ்ரரின் மூக்குக்கு நேரே, துணிக்கும் பலகைக்கும் நடுவே, அதிபரின் வேட்டிக்கரை.

பிடித்து இழுத்தார். மெல்லத்தான், அவிழாத அளவுக்கு.

அதிபர் குனிந்தார்.

“முடிக்காதையுங்கோ சேர்! உங்களைக் கும்பிட்டன், இன்னும் கொஞ்சம் பேசுங்கோ!”

அதிபர் பேசும்போது மணி அடித்திருக்கிறார்கள். கூட்டமாக இருமியிருக்கிறார்கள். ஒருமுறை பெற்றோமக்ஸ் விளக்கையே அணைத்திருக்கிறார்கள். இன்னும் பேசு என்று ஒரு சீவனும் கேட்டதில்லை.

நிமிர்ந்தபோது அவருடைய குரலே மாறியிருந்தது. சோழனைக் கப்பலேற்றினார். கீரிமலையில் இறக்கித் தலை முழுகவைத்தார். அங்கிருந்து கல்வியின் பெருமைக்கு ஒரே பாய்ச்சல். கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கிறதென்ற ஒரே தெம்பில் மனிதர் உண்மையாகவே நன்றாகப் பேசினார். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்த வித்தியாதிபதிகூடக் கையை இறக்கிவிட்டார்.

மாஸ்ரருக்கு ஒன்றும் கேட்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு, மூச்சுவிடாமல், கம்பியை உள்ளே இறக்கினார். ஈர்க்கை உருவினார். கொழுக்கியின் மூடியை நகத்தால் அழுத்தினார்.

கொழுக்கியை விரலால் தட்டிப் பார்த்தார். விலகிப் போய்த் திரும்பி வந்தது.

இன்னொருதரம். திரும்பி வந்தது!

அதேநேரம் மேலே கைதட்டல். கூரைக் கிடுகு பறக்கிற கைதட்டல். நடுவே வித்தியாதிபதியின் குரலில் இரண்டே துண்டுகள் வந்து விழுந்தன: ‘கட்டிடம்’, ‘இந்த வருடமே’.

மாஸ்ரர் மேசையில் தலையை இடித்துக்கொண்டு பாய்ந்து வெளியே வந்தார். அதற்குள், ரயில் பிடிக்கிற அவசரத்தில், வித்தியாதிபதியின் கார் ஒழுங்கையில் திரும்பிக்கொண்டிருந்தது. சனம் அதன் பின்னால் ஓடியது.

ரயிலைப் பார்க்காமலே ஆய்வுகூடத்தைத் தந்துவிட்டாரா! என்ன மனிதர்!

பெட்டியைக் கொழுவி ஆளியை அழுத்தினார். எஞ்சின் புறப்பட்டது. ஆறு பெட்டிகளும் ஒன்று குறையாமல் பின்னால் போயின. ரீச்சர் தட்டத்தைப் போட்டுவிட்டுக் கைகொட்டினார். “ஐயோ மாஸ்ரர், போகுது! எல்லாம் போகுது!”

அதிபர் ஓடிவந்து மாஸ்ரரைக் கட்டிப்பிடித்தார். கண் கலங்கியிருந்தது.

“தியாகலிங்கம், நீர் வேட்டியிலை இழுக்காட்டி உது நடந்தே இராது.”

மாஸ்ரருக்கும் கண் கலங்கியது. “அத்திவாரம் எப்ப சேர்?”

“ஆவணி பிறக்க. ஆயிரம் பேர் இருந்து பேச்சுக் கேக்கலாமாம். மேடை மட்டும் நாப்பதடி.”