இரைச்சலை அடக்கிய பெரிய கண்டன்சர்

சகாயராஜ் வீட்டிலேயே செய்த ஆம்ப்ளிஃபயர், பாட்டு தொடங்கும் முன்பே 'ம்ம்ம்' என்று இரைந்தது. கரண்டைச் சமப்படுத்தும் கண்டன்சர் சின்னதாகப் போய்விட்டது, அதுதான் காரணம் என்று நினைத்தார். அதைக் கழற்றித் தகர டப்பாவில் போட்டுவிட்டு, டம்ளர் பருமனில் ஒரு பெரிய கண்டன்சரை வாங்கி வைத்தார்.

பெரியதுக்குத் தலைகால் புரியவில்லை. "இனி பாருங்க, இங்க ஒரு பய வாயைத் திறக்க மாட்டான்!"

சுவிட்சைப் போட்டார். 'ம்ம்ம்.'

"என்னண்ணே, இன்னும் இரையுதே?" என்றது டிரான்ஸ்ஃபார்மர்.

"புது ஆளுன்னு என்கிட்ட விளையாட்டுக் காட்டுது. ரெண்டு தடவை முறைச்சா அடங்கிடும்."

சகாயராஜ் தலையைச் சொறிந்தார். பிறகு டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டிப் பற்றவைத்திருந்த கறுப்பு எர்த் ஒயரை எடுத்து, ஒரு விரற்கடை தள்ளிப் பற்றவைத்தார். இரைச்சல் பட்டென்று நின்றது. ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டார். மூச்சு காட்டவில்லை.

"பாத்தியா? என் முறைப்பு அப்படி!" என்றது பெரியது.

கறுப்பு ஒயர் சூடு ஆறிக்கொண்டிருந்தது.

ஆனால் பெட்டியின் மூடியை மூட முடியவில்லை. பெரியதின் தலை இடித்தது. சகாயராஜ் அதைக் கழற்றிவிட்டு, பழைய சின்னதையே திரும்ப வைத்துப் பார்த்தார். அப்போதும் ஒரு முனகல் இல்லை. மூடியைத் திருகினார். பாட்டு சுத்தமாக வந்தது.

தகர டப்பாவுக்குள் கிடந்த பெரியது, பக்கத்தில் இருந்த துருப்பிடித்த ஸ்குரூவிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னது:

"கேக்குதா? நான் அங்க இல்லாதப்பகூட மூச்சு விடல பாரு. அவ்வளவு பயம்!"