வாசல் வரை ஏழு தப்படி

அன்று காலை அந்தச் சமையலறையில் இருந்தவர்கள் நான்கு பேர். ஜன்னலோரம், மேசையின் தலைப்பக்கத்தில், காகிதமும் பேனாவுமாக மகள் ரோசித்சா. அவளுக்கு எதிரே, கோட்டைக் கழற்றாமல், காப்பிக் கோப்பையோடு தபால்காரி பென்கா. சுவரோரக் கட்டிலில், இரும்புக் கம்பி செருகிய வலது காலை முக்காலிமேல் நீட்டியபடி கோல்யோ. அவர் மனைவி தோன்கா மட்டும் உட்காரவில்லை. தரையில் கொட்டிக் கிடந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வாரத்துல இது மூணாவது தடவை," என்றாள் தோன்கா. "தாகமா இருந்தா வாயைத் திறந்து கேளேன், மனுஷா! டம்ளரை விட்டுட்டு, நம்ம கல்யாணத்துச் செப்பு வாளிதான் கிடைச்சுதா உனக்கு?"

"எனக்குத் தாகமில்ல," என்றார் கோல்யோ.

"அப்போ எலிக்கா ஊத்தினே? முதல்ல கட்டில்கிட்ட, அப்புறம் மேசைக்கடியில, இன்னிக்கு வாசல்கிட்ட. நாளைக்குத் தெருவுல போய் விழுந்து கிட!"

பென்கா சிரித்துச் சமாளித்தாள். "விடு தோன்கா. எனக்கே இன்னிக்குத் தண்ணியில கண்டம். கீழ வீட்டுப் பொண்ணு டிரைவிங் பரீட்சைக்குக் கிளம்பினா. போற காரியம் தண்ணியா ஓடணும்னு, நம்ம ஊர் வழக்கப்படி, அவ அம்மா படியில ஒரு வாளியைக் கவுத்துட்டா. பின்னாலயே நான் போனேனா, வழுக்கிட்டுது. நானும் அண்ணன் மாதிரி காலை நீட்டிட்டா, இந்த மலைக்குத் தபால் யாரு சுமக்கிறது?"

தோன்கா துணியைப் பிழிந்துவிட்டு மறுபடி குனிந்தாள்.

காட்டில் வெட்டிய மரம் உருண்டு கோல்யோவின் கால்மேல் ஏறி மூன்று மாதம் ஆகிறது. அன்றிலிருந்து கட்டில் சமையலறைக்கு வந்துவிட்டது. இன்று தோன்காவுக்கு விடுப்பு; மற்ற நாளில் அவள் விடிந்ததும் தையல் ஆலைக்குப் போய்விட்டால், அவரை எழுப்புவதும், கட்டு மாற்றுவதும், தோள் கொடுத்துக் கழிப்பறைக்குக் கூட்டிப்போவதும் ரோசித்சாதான். அவள் ஆட்டுக்குத் தீனி வைக்க வெளியே போகும் ஐந்து நிமிடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் தண்ணீர் கொட்டியது.

கடற்கரை நகரமான வார்னாவில், கப்பலில் வானொலி இயக்கக் கற்றுத்தரும் பள்ளியில், அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஒன்றாம் தேதி அங்கே இருக்க வேண்டும். பதில் இந்த வாரத்துக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் வேறொருவருக்கு. பென்கா இனி திங்கட்கிழமைதான் மேலேறி வருவாள்.

கோல்யோ "நீ போ" என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டார்.

"நீ படுத்துக்கிட்டுச் சொல்றே, அப்பா," என்பாள் ரோசித்சா.

"எழுதிட்டியா? படி," என்றார் இப்போது.

"படிக்க என்ன இருக்கு? தந்தையின் உடல்நிலை காரணமாக வர இயலவில்லை, மன்னிக்கவும். அவ்வளவுதான்." "காலைல வரைக்கும் யோசிச்சேன். ஆடு கட்டிட்டு உள்ள வந்தா, நீ இந்த ஈரத்துல உக்காந்திருக்கே. உன்னை இப்படி விட்டுட்டு நான் எங்க போறது?"

தோன்கா துடைப்பதை நிறுத்தினாள். மகளைப் பார்க்காமல், "நான் வேணா வேலையை விட்டுடறேன்டி," என்றாள்.

"விட்டுட்டு? மூணு பேரும் பனியைத் தின்னவா?"

ரோசித்சா உறையை ஒட்டிக் கொடுத்தாள். பென்கா அதைப் பைக்குள் போட்டு, கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள்.

"பென்கா, ஒரு நிமிஷம் நில்லு," என்றார் கோல்யோ.

அவர் முக்காலியிலிருந்து காலை இறக்கினார். ஒற்றை ஊன்றுகோலை இடது கக்கத்தில் செருகி, சுவரைப் பிடித்து எழுந்து, தொட்டிக் குழாயில் செப்பு வாளியை விளிம்பு வரை நிரப்பி, வலது கையில் தூக்கினார்.

"மறுபடியுமா! புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?" தோன்கா கத்தினாள். ரோசித்சா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள்.

"தொடாதே," என்றார் கோல்யோ.

முதல் அடி. இரண்டாவது. மூன்றாவதில் கால் மடங்கப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். வாளி ஆடியது, ஆனால் தளும்பவில்லை. நெற்றி வேர்வை கண்ணுக்குள் இறங்கியதைத் துடைக்க அவருக்குக் கை ஒழியவில்லை. பென்கா கதவோடு ஒட்டிக்கொண்டாள்.

ஏழாவது அடியில் வாசல் வந்தது. கோல்யோ நிலைப்படியில் தோளைச் சாய்த்துக்கொண்டு, வாளியை மெதுவாகக் கவிழ்த்தார். தண்ணீர் மூன்று கல்படிகளிலும் இறங்கி, பாதையில் ஓடியது.

தோன்கா துடைக்கும் துணியை எடுக்கவில்லை. தலைத்துணியின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

ரோசித்சா தபால் பைக்குள் கைவிட்டு, தன் கடிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தாள். நின்றபடியே வேறொரு தாளில் இரண்டு வரி எழுதி, யாருக்கும் படித்துக் காட்டாமல், புது உறையில் போட்டு விரலால் அழுத்தி ஒட்டினாள்.

பென்கா அதை வாங்கிக்கொண்டு ஈரப்படிகளில் பார்த்துப் பார்த்து இறங்கினாள். கடைசிப் படியில் திரும்பி நின்றாள்.

"ஏன் அண்ணே, தாகமில்லேன்னா, அப்போ இத்தனை நாளா கொட்டினது?"

கோல்யோ காலி வாளியைக் கீழே வைத்தார்.

"பழகினேன், பென்கா. ஒண்ணாம் தேதி எம்பொண்ணு கிளம்பறாளே."