டோக்கன் நம்பர் ஒன்று

“அந்த டோக்கன் விஷயத்தையும் சேருங்க அண்ணே,” என்றாள் அமுதவள்ளி.

டைப் செய்துகொண்டிருந்த முத்துவேலின் விரல்கள் நின்றன. மட்டாஞ்சேரியில் அச்சகம் வைத்திருப்பவர். பேராசிரியர் வெங்கிடாசலம் நினைவு மலர் மாலைக்குள் அச்சாகியாக வேண்டும். நாளைக் காலை இரங்கல் கூட்டம்.

மீனாக்ஷி சாயா கிளாஸைக் கீழே வைத்தாள்.

“உனக்கென்ன கிறுக்காடீ? இருபது வருஷம் சாஃப்ட்வேர் ஆராய்ச்சி நடத்தின மனுஷன். பிழை கண்டுபிடிக்கிறதையே ஒரு படிப்பா ஆக்கினவர். அவருக்கு நேர்ந்த ஒரே அபத்தத்தையா மலர்ல போடணும்?”

“நடந்ததுதானே.”

“அதென்ன டோக்கன்?” என்றார் முத்துவேல்.

மீனாக்ஷிக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“ஒரு ஆஸ்பத்திரிக்கு டோக்கன் கொடுக்கிற சாஃப்ட்வேர் பண்ணினோம். நானும் இவளும் அப்போ சாரோட ஸ்டூடன்ட்ஸ். தொடங்கின அன்னைக்கு, வந்த இருநூறு பேருக்கும் ஒண்ணாம் நம்பர் டோக்கன்.”

முத்துவேல் சிரித்துவிட்டார். “நம்ம ஆளுங்களுக்கு வேற என்ன வேணும்? எல்லாரும் ஃபர்ஸ்ட்டு.”

“அடிதடியே ஆயிப்போச்சு. சார் பெஞ்சு மேல ஏறி நின்னு, ‘தப்பு என்னோடது. வயசானவங்க முதல்ல போங்க’ன்னார். அதோட சரி. ஆராய்ச்சித் தலைவர் பதவியைப் பறிச்சுட்டாங்க. ரிட்டயர் ஆகிற வரைக்கும் பசங்க அவரை ஒண்ணாம் நம்பர் சாருன்னுதான் கூப்பிட்டாங்க.”

“அந்த விஷயம் இல்லாம இந்த மலர் போகக் கூடாது,” என்றாள் அமுதவள்ளி.

மீனாக்ஷி அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

“வர்ற திங்கட்கிழமை அதே பதவியில நீ உட்காரப் போற. அதுக்கு முன்னாடி அவரைக் கொஞ்சம் சின்னதாக்கிக் காட்டணும். அப்படித்தானே?”

அமுதவள்ளி கம்ப்யூட்டர் திரைப் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

“அன்னைக்கு நீ அழுத அழுகைக்கு, சார்தான் ஆட்டோ பிடிச்சு சுள்ளிக்கல்ல உன் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். உங்க அம்மாகிட்ட, ‘நாளைக்கு இவ கண்டிப்பா லேபுக்கு வரணும்’னு சொல்லிட்டுப் போனார். ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“இருந்துமா?”

“இருக்கிறதாலதான்.”

“நல்ல நன்றிடீ உன்னோடது.” மீனாக்ஷி திரும்பினாள். “அண்ணே, மூணாம் பக்கம் கடைசியில அடிங்க. ‘டோக்கன் மென்பொருளில் அந்தப் பிழையைச் செய்தவர் பேராசிரியர் வெங்கிடாசலம்.’ போதுமாடீ? மனசு குளிர்ந்துதா?”

முத்துவேல் அடித்தார். பக்கத்தைப் பிரின்ட் எடுத்து நீட்டினார்.

“புரூஃப் பார்த்து யாராவது ஒருத்தர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துருங்க. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது.”

“இவளே போடட்டும். எனக்கு இதுல பங்கு வேண்டாம்.”

மீனாக்ஷி படியிறங்கிப் போனாள். ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. முத்துவேல் மிஷினில் காகிதம் அடுக்க ஆரம்பித்தார்.

அமுதவள்ளி பேனாவை எடுத்தாள். கடைசி வரியில் பேராசிரியரின் பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டு, அதற்கு மேல் தன் பெயரை எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டு, தாளை முத்துவேலின் கீபோர்டு மேல் வைத்தாள்.